புட்டி பூசிய விரிசல் ஏன் திரும்பி வருகிறது?

மாணவர்களே, இந்த வாரம் ஓர் அறிவியல் ஆசிரியர் ஏமாந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். ஏமாந்தவர் நான்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய காரை வாங்கினேன். அதன் முன் பம்பருக்குக் கீழே முந்தைய உரிமையாளர் ஓர் அலங்காரப் பகுதியைப் பொருத்தியிருந்தார். பட்டறைகளில் அதை ‘ஸ்கர்ட்’ என்பார்கள். அது இரும்பும் அல்ல, பிளாஸ்டிக்கும் அல்ல, ஃபைபர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கிய பிறகு, அதில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் தெரிந்தது.

‘இதற்கு எதற்குப் பட்டறை?’ என்று நினைத்தேன். கடையில் ஒரு டின் புட்டியும் ஒரு ஸ்பிரே டப்பாவும் வாங்கினேன். விரிசலில் புட்டியை நிரப்பி, காய்ந்ததும் மணல்தாளால் தேய்த்து, மேலே சாயம் அடித்தேன். தீபாவளிக்கு உறவினர் வீடுகளுக்குப் போனபோது விரிசல் இருந்த இடம் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு ஒரே பெருமை.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போய்த் திரும்பியபோது அதே இடத்தில், அதே கோட்டில், விரிசல் மீண்டும் எட்டிப் பார்த்தது. முன்பைவிடச் சற்று நீளமாகவும் இருந்தது.

கிள்ளானில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் விரிசலைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “முன்னால பாத்தீங்க சார், சரி. பின்னால பாத்தீங்களா?”

நான் பார்க்கவில்லை. அவர் ஸ்கர்ட்டைக் கழற்றித் திருப்பி வைத்தார். பின்பக்கத்தில் விரிசல் ஓடிய வழியெங்கும் வெள்ளைக் கோடு. கட்டைவிரலால் அழுத்தியபோது விரிசல் வாய்போல் திறந்து மூடியது. அது தொடங்கிய இடம் ஒரு திருகுத் துளை. அதற்குப் பக்கத்துத் துளையில் இருக்க வேண்டிய திருகைக் காணோம். கார் ஓடும்போதெல்லாம் அந்த ஸ்கர்ட் அதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் செய்தது விரிசலை மறைக்கும் வேலை மட்டுமே.

மறைத்த விரிசல் ஏன் திரும்பி வந்தது? திரும்பாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளுக்குள் உங்கள் இயற்பியல், வேதியியல் பாடங்கள் இரண்டும் இருக்கின்றன.

ஃபைபர் என்பது என்ன?

நாம் சுருக்கமாக ‘ஃபைபர்’ என்று சொல்வது கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். 4ஆம் படிவ வேதியியலில் ‘பஹான் கொம்போசிட்’ என்று படிக்கிறீர்களே, அதே வகை. அந்தப் பாடத்தில் வலுவூட்டிய கான்கிரீட்டும் கண்ணாடியிழையும் அடுத்தடுத்து வருவதைக் கவனித்திருப்பீர்கள். எல்ஆர்டி ரயில் பாதையைத் தாங்கும் தூண்களை நினைத்துப் பாருங்கள். அவற்றில் கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்குகிறது; உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி இழுவிசையைத் தாங்குகிறது. ஃபைபரிலும் அதே உழைப்புப் பங்கீடுதான். கண்ணாடியிழைகள் இழுவிசையைத் தாங்குகின்றன. பிசின் அவற்றைப் பிடித்துவைத்து, ஓர் இழையிலிருந்து இன்னோர் இழைக்கு விசையைக் கடத்துகிறது.

நம் தாத்தா காலத்து மண் சுவரில் வைக்கோல் கலந்து குழைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். வைக்கோல் இல்லாத மண் காய்ந்ததும் வெடித்துவிடும்.

கண்ணாடியிழையைப் பெருமளவில் தயாரிக்கும் முறை 1930களில் அமெரிக்காவில் உருவானது. 1953இல் வந்த செவ்ரொலே கார்வெட் கார் ஃபைபர் உடலோடு வெளிவந்தது. முதல் ஆண்டில் 300 கார்கள் மட்டுமே செய்யப்பட்டன. இந்தியாவில் பெங்களூரின் சிபானி நிறுவனம் 1980களில் ‘டால்பின்’ என்ற ஃபைபர் உடல் காரை விற்றது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் போன்ற தமிழகக் கடற்கரைகளில் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவில் பிடித்தவையும் ஃபைபர் படகுகளே.

நம் நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. 1996இல் புரோட்டோன் நிறுவனம் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. அதே ஆண்டு விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலிஸ் காரின் அடிச்சட்டம் அலுமினியம். மேல் உடல் ஃபைபர். கெப்போங்கில் இயங்கும் புஃபோரி நிறுவனம் இன்றும் கையால் கார்களைச் செய்கிறது. அங்கே கரிம இழை, கெவ்லார் இழை போன்றவற்றைப் பிசினோடு சேர்த்து உடற்பகுதிகளை உருவாக்குகிறார்கள். இழைகள் வேறு, தத்துவம் ஒன்றே.

கண்ணாடி எப்படி வலுவானது?

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். கீழே விழுந்தால் நொறுங்கும் கண்ணாடி எப்படிக் காருக்கு வலு தரும்?

இதே கேள்வியை ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் கேட்டார். கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக இழுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு விசையில் அறுகிறது என்று அளந்தார். இழை மெலிய மெலிய, அதே குறுக்குப் பரப்புக்கு அது தாங்கும் விசை கூடிக்கொண்டே போனது. 1921இல் வெளியான தம் ஆய்வுக் கட்டுரையில் அதற்கான விளக்கத்தையும் தந்தார். கண்ணாடியின் வலுவைக் கெடுப்பது கண்ணாடி அல்ல. அதன் பரப்பில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தாம். மிக மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமே இல்லை.

எண்ணில் சொன்னால், சன்னல் கண்ணாடி பொதுவாக 100 மெகாபாஸ்கல் இழுவிசையைக்கூடத் தாங்காது. புதிதாக இழுத்த ஒரு கண்ணாடியிழை ஏறத்தாழ 3,400 மெகாபாஸ்கல் வரை தாங்கும். பிசினோடு சேர்ந்து தகடாகும்போது இந்த அளவு வெகுவாகக் குறையும். ஏனென்றால் தகட்டின் ஒரு பகுதிதான் இழை. அந்த இழைகளும் எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடக்கும். ஆனாலும் தகட்டைத் தாங்கி நிற்பது இழைதான் என்பதை மறக்காதீர்கள். என் முதல் ‘பழுதுபார்ப்பு’ தோற்றதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. புட்டியில் நீண்ட இழை எதுவும் இல்லை. பிசினும் தூளும் கலந்த பசை அது. பள்ளத்தை நிரப்பும், விசையைத் தாங்காது.

விரிசலின் முனையில் என்ன நடக்கிறது?

முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? ஓரத்தில் வெட்டு இல்லாத பொட்டலத்தைக் கிழிக்கப் பல்லைக்கூடப் பயன்படுத்த வேண்டியிருக்கும். ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இருந்தால் போதும், சர்ரென்று கிழிந்துவிடும். பொட்டலம் அதே பொட்டலம்தான். ஆனால் வெட்டின் கூர்முனையில் விசை முழுவதும் குவிகிறது. இதைத் தகைவுக் குவிப்பு என்கிறோம்.

இதைக் கணக்கிட 1913இல் இங்லிஸ் என்ற பொறியியலாளர் ஒரு சூத்திரம் தந்தார். ஒரு தகட்டில் உள்ள விரிசலின் பாதி நீளம் a, அதன் முனையின் வளைவு ஆரம் r என்றால், முனையில் உள்ள தகைவு சாதாரண இடத்தைப்போல் 1 + 2√(a/r) மடங்கு இருக்கும்.

20 மில்லிமீட்டர் நீள விரிசலை எடுத்துக்கொள்வோம். a = 10. கூரான முனையின் ஆரம் 0.001 மில்லிமீட்டர் என்று வைத்தால் a/r = 10,000. அதன் வர்க்கமூலம் 100. ஆக முனையில் தகைவு 201 மடங்கு!

இப்போது விரிசலின் இரு முனைகளிலும் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை போடுகிறோம். முனையின் ஆரம் 1.5 ஆகிறது. அதே சூத்திரத்தில் போட்டால் விடை ஏறத்தாழ 6 மடங்கு. 201 எங்கே, 6 எங்கே! உடைந்த இடத்தில் மேலும் துளை போடுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் துளைதான் விரிசலின் ஓட்டத்தை நிறுத்துகிறது.

இந்தச் சூத்திரம் ஒரே சீரான தகட்டுக்கு உரியது. ஃபைபரில் இழைகள் குறுக்கே இருப்பதால் உண்மையான எண்கள் மாறும். ஆனாலும் கூரான முனை ஆபத்து, உருண்ட முனை பாதுகாப்பு என்ற பாடம் மாறாது. விமானச் சன்னல்களின் மூலைகள் ஏன் உருண்டையாக இருக்கின்றன என்பதற்கும் இதுவே விடை.

விரிசலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஃபைபர் உடலின் மேற்பரப்பில் ஜெல்கோட் என்ற ஒரு படலம் இருக்கும். அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். நிறமும் பளபளப்பும் தருவது அது. அதில் இழை கிடையாது. ஆகவே எளிதில் வெடிக்கும். அதற்குக் கீழேதான் இழையும் பிசினும் உள்ள அடுக்குகள். விரிசலின் வடிவத்தைப் பார்த்தே அது எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம்.

சிலந்தி வலைபோல் ஒரு புள்ளியிலிருந்து பரவினால், அந்த இடத்தில் அடி விழுந்திருக்கிறது. பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்து கல்லோ வேறு பொருளோ இடித்திருக்கும்.

ஒன்றுக்கொன்று இணையான கோடுகளாக இருந்தால், அந்தப் பகுதி திரும்பத் திரும்ப வளைகிறது. தாங்கு கம்பியோ திருகோ தளர்ந்திருக்கலாம்.

பரப்பு முழுவதும் மெல்லிய வலையாக இருந்தால், ஜெல்கோட் தேவைக்கு மேல் தடிமனாக இருக்கலாம். அல்லது பல ஆண்டு வெயிலில் முதுமை அடைந்திருக்கலாம்.

பின்பக்கத்திலும் வெள்ளைக் கோடு தெரிந்தால் இழைகளே அறுந்துவிட்டன. என் கார் இந்த வகை.

பட்டறை அண்ணன் இன்னொரு சோதனையும் செய்தார். ஒரு காசை எடுத்து விரிசலைச் சுற்றித் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று தெளிவான ஒலி வந்தது. அடுக்குகள் உள்ளே பிரிந்திருந்த இடத்தில் ஒலி மந்தமானது. அந்த எல்லையைப் பென்சிலால் வரைந்துகொண்டார். விரிசல் கண்ணுக்கு விரல் நீளம்தான். காதுக்கு அதைவிடப் பெரிது.

ஒன்றை முதலில் உறுதிசெய்ய வேண்டும். இன்றைய கார்களில் நிறுவனமே பொருத்தித் தரும் பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். அவற்றின் உள்பக்கத்தில் பிபி என்ற ஆங்கில எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். அதன்மேல் ஃபைபர் பிசின் ஒட்டாது. ஃபைபரின் பின்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். சிதறிய இழைகளின் வடிவம் கண்ணுக்கே தெரியும்.

சரிசெய்யும் முறை, காரணத்தோடு

முதல் வேலை, காரணத்தை நீக்குவது. காணாமல்போன திருகைப் போட்டார், அதிர்வு நின்றது. இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் வீண்.

இரண்டாவது, கழுவுவது. முதலில் சவர்க்கார நீர், பிறகு மெழுகையும் எண்ணெயையும் நீக்கும் திரவம். தேய்ப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் காருக்குப் பூசிய மெழுகை மணல்தாள் பரப்புக்குள் அழுத்திவிடும். பின்னால் சாயம் அந்த இடத்தில் ஒட்டாமல் குழி குழியாக விலகும்.

மூன்றாவது, விரிசலின் முனைகளில் துளை. காரணம் மேலே பார்த்தோம்.

நான்காவது, சரிவாகத் தேய்த்து எடுப்பது. அண்ணன் கிரைண்டரை எடுத்து, என் பழைய புட்டியை முழுவதும் நீக்கினார். பிறகு விரிசலின் இருபுறமும் மெல்ல மெல்லச் சரியும்படி தேய்த்தார். பொதுவான கணக்கு 12க்கு 1. என் ஸ்கர்ட்டின் தடிமன் 3 மில்லிமீட்டர். ஆகவே விரிசலின் ஒவ்வொரு பக்கமும் 36 மில்லிமீட்டர் தூரம் சரிவு வேண்டும்.

விரல் நீள விரிசலுக்கு இவ்வளவு பெரிய இடத்தைத் தேய்ப்பதா என்று எனக்குத் தயக்கம். ஆனால் காரணம் வலுவானது. பழைய பிசின் எப்போதோ இறுகி முடிந்தது. புதுப் பிசின் அதனோடு வேதியியல் முறையில் பெரிதாகப் பிணையாது. சொரசொரப்பான பரப்பைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவதே அதன் வழி. ஒட்டும் பரப்பு அகலமாக இருந்தால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் விழும் பங்கு குறைகிறது. மேலும், சரிவில் தடிமன் திடீரென மாறுவதில்லை. விசை ஓரிடத்தில் குவிவதில்லை.

ஐந்தாவது, இழையைத் திரும்பக் கொடுப்பது. முதலில் பின்பக்கத்தில் ஓர் அடுக்கு ஒட்டி, அது இறுகிய பிறகு முன்பக்கச் சரிவில் மூன்று அடுக்குகள். நறுக்கிய இழைகளைப் பாய்போல் பரப்பிச் செய்த இழைப்பாயை அதற்குப் பயன்படுத்தினார். பிசினைத் தூரிகையால் குத்திக் குத்தி நனைத்தார். வெள்ளையாக இருந்த பாய் நனைந்ததும் ஏறக்குறைய கண்ணாடிபோல் தெளிந்தது. வரிவரியான ஓர் உருளையை மேலே உருட்டிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றினார். ஒவ்வொரு குமிழும் உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு சிறு துளை. அடுத்த விரிசலுக்கு அதுவே பிறப்பிடமாகலாம்.

ஈரமும் எதிரிதான். பிற்பகல் மழைக்குப் பெயர்போன நம் கிள்ளான் பள்ளத்தாக்கில், தேய்த்துத் திறந்த இழைகளின் நுனிகள் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்தோடு மூடிவிட்டால் வெயிலில் சாயம் கொப்புளம் போடும். ஆகவே நன்கு உலர்ந்த பிறகு, கூரைக்குக் கீழே, காலை வேளையில் செய்வது நல்லது.

கிண்ணத்துக்குள் நடக்கும் வேதியியல்

பாலியெஸ்டர் பிசின் தேன்போல் இருக்கும். நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைந்திருக்கின்றன. இரண்டிலும் கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. அதில் சில துளி பெராக்சைடு சேர்த்தால், அது சிதைந்து இணையில்லா எலெக்ட்ரான் கொண்ட துகள்களைத் தரும். அந்தத் துகள்கள் இரட்டைப் பிணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்க, ஸ்டைரீன் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போடுகின்றன. இதுவே குறுக்குப் பிணைப்பு. முடிவில் முழுத் தகடும் ஒரே வலையாகிவிடும். அதை மீண்டும் உருக்க முடியாது.

பட்டறையில் அந்தப் பெராக்சைடைக் ‘கேட்டலிஸ்ட்’ என்பார்கள். தேர்வில் அப்படி எழுதாதீர்கள்! வினையூக்கி என்றால் வினை முடிந்ததும் வேதியியல் முறையில் மாறாமல் இருக்க வேண்டும். பெராக்சைடோ சிதைந்து செலவாகிவிடுகிறது. அது வினையைத் தொடக்கிவைக்கும் பொருள் மட்டுமே.

எவ்வளவு சேர்ப்பது? ஒரு கணக்குப் போடுவோம். ஒட்ட வேண்டிய இடம் 20 செ.மீ. × 10 செ.மீ., அதாவது 0.02 சதுர மீட்டர். இழைப்பாய் ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள வகை. ஓர் அடுக்குக்கு 9 கிராம். மூன்று அடுக்குக்கு 27 கிராம். பிசின் இதைப்போல் இரண்டரை மடங்கு என்றால் 67.5, சுமார் 70 கிராம். பெராக்சைடு 1.5 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 1 கிராம். ஒரு கிராம் கூடினாலே அளவு இருமடங்காகிவிடும். அதனால்தான் நல்ல பட்டறையில் கண்ணளவை நம்ப மாட்டார்கள், அளவுக்குழாயில் அளப்பார்கள்.

இது வெப்பம் உமிழும் வினை. மெல்லிய அடுக்காகப் பரப்பினால் வெப்பம் காற்றில் போய்விடும். அதே பிசினைக் கிண்ணத்தில் குவியலாக விட்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. வெப்பம் வினையை வேகப்படுத்தும். வேகமான வினை மேலும் வெப்பம் தரும். கிண்ணம் உருகிப் புகை வரலாம், தீயும் பிடிக்கலாம். நம் நாட்டில் 30 பாகை செல்சியஸைத் தாண்டும் வெப்பநிலையில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

இங்கே நான் ஆசிரியராகக் கண்டிப்போடு சொல்கிறேன்: இந்த வேலையை நீங்கள் தனியாகச் செய்யக்கூடாது. பெராக்சைடு ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை பறிபோகும் ஆபத்து உண்டு. பிசினோடு சேர்க்கும் கோபால்ட் முடுக்கியையும் பெராக்சைடையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலை அரிக்கும், நுரையீரலைத் தாக்கும். ஸ்டைரீன் ஆவி தலைவலி தரும். பட்டறையில் வேலை பழகும் அண்ணன் உங்கள் வீட்டில் இருந்தால், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, கைக்கு உறை, மூக்குக்கு உரிய வடிகட்டி முகமூடி அணிகிறாரா என்று இன்றே கேளுங்கள். சாதாரண துணி முகமூடி போதாது.

சாயம் காத்திருக்க வேண்டும்

மூன்று அடுக்கும் ஒட்டியாயிற்று. ஒரு மணி நேரத்தில் கல்போல் இறுகிவிட்டது. “இன்றைக்கே சாயம் அடித்துவிடலாமா அண்ணே?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “தொட்டா இறுகின மாதிரிதான் இருக்கும் சார். உள்ளே இன்னும் வேலை நடக்குது.”

அவர் சொன்னது சரி. பாலியெஸ்டர் பிசின் இறுகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 5 முதல் 8 விழுக்காடு சுருங்குகிறது. பெரும்பகுதி முதலிலேயே நடந்தாலும், மிச்சம் மெதுவாகத் தொடரும். அதற்குள் தேய்த்துச் சமமாக்கிச் சாயம் அடித்தால், சில வாரங்களில் ஒட்டின் எல்லை சாயத்துக்கு மேலே நிழல்போல் தெரியும். இழைகளின் வடிவம்கூடத் தெரியலாம். எஞ்சிய ஸ்டைரீன் வெளியேறும் வழியில் சாயத்தைக் கொப்புளிக்க வைக்கலாம். அவசரப்பட்ட ஓவியத்துக்குக் கீழே சுவர் இன்னும் ஈரமாக இருப்பதைப் போன்றது இது.

நாள் கழித்து அவர் தொடர்ந்தார். மேற்பரப்பு சற்று ஒட்டும் தன்மையோடு இருந்தது. காற்றிலுள்ள ஆக்சிஜன் மேலடுக்கின் வினையைத் தடுப்பதே காரணம். அதைத் துடைத்து, 80 எண் மணல்தாளால் வடிவம் கொடுத்தார். அதன் பிறகே புட்டி வந்தது, அதுவும் மெல்லிய படலமாக. புட்டி கெட்ட பொருள் அல்ல என்பதை இங்கே கவனியுங்கள். வலுவை இழை கொடுத்த பிறகு, சிறு பள்ளங்களை நிரப்புவது அதன் வேலை. பிறகு 180, 320 என்று மெல்லிய மணல்தாள்கள். அடுத்து பிரைமர், அது உலர்ந்ததும் 600 எண் தாளால் நீர் விட்டுத் தேய்ப்பு, கடைசியில் நிறச் சாயம், அதன் மேல் பளபளப்புப் படலம். சாய அறைக்குள் அவர் தனிக் காற்றுக் குழாய் பொருத்திய முகமூடியோடு போனார். இரு பகுதிகளைக் கலந்து அடிக்கும் கார்ச் சாயங்களில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது.

மணல்தாளின் எண் கூடக் கூட ஏன் பரப்பு மென்மையாகிறது? எண் என்பது துகள்களின் நுண்மையைக் குறிக்கிறது. ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கீறலை அழித்து, தன் சிறிய கீறலை விட்டுப் போகிறது. ஒரு படியைத் தாண்டினால் பழைய கீறல் சாயத்துக்கு மேலே தெரியும்.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டில் செய்யக்கூடிய இரண்டு பாதுகாப்பான சோதனைகள்.

முதலாவது: ஒரே அளவில் இரண்டு காகிதத் துண்டுகள் எடுங்கள். இரண்டின் நடுவிலும், இழுக்கப்போகும் திசைக்குக் குறுக்காக, 2 செ.மீ. நீள வெட்டு போடுங்கள். ஒன்றில் மட்டும் வெட்டின் இரு முனைகளிலும் காகிதத் துளைப்பானால் வட்டத் துளை இடுங்கள். இரண்டையும் மெதுவாக இழுங்கள். எது முதலில் கிழிகிறது? ஒருமுறை போதாது, பத்து இணைத் துண்டுகளில் செய்து முடிவை அட்டவணையில் எழுதுங்கள்.

இரண்டாவது: ஒரு பிளாஸ்டிக் தாளின்மேல் வெள்ளைப் பசையை மெல்லிய பட்டையாகப் பரப்புங்கள். இன்னொரு பட்டையில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியைப் பசையில் நனைத்து வையுங்கள். இரண்டும் இரு நாள் காயட்டும். உரித்தெடுத்து, ஓரத்தில் சிறு வெட்டு போட்டு இழுத்துப் பாருங்கள். பசை மட்டும் உள்ள பட்டை என் பழைய புட்டி. துணி உள்ள பட்டை அண்ணனின் ஒட்டு.

அந்த ஸ்கர்ட்டோடு இரண்டு தீபாவளிகள் கடந்துவிட்டன. அதே வேகத்தடையில் எத்தனையோ முறை ஏறி இறங்கிவிட்டேன். அந்த இடத்தில் இன்னும் கோடு விழவில்லை.

கூலி கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது அண்ணனிடம், “நீங்கள் சொன்னதெல்லாம் என் பாடநூலில் இருக்கிறது” என்றேன். அவர் 3ஆம் படிவத்தோடு பள்ளியை விட்டவர். “அப்படியா சார்? எனக்கு அப்ப யாரும் இதைக் காட்டலையே” என்றார்.

அந்தப் பதில் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர் கை அறிந்ததை என் புத்தகம் அறிந்திருந்தது. ஆனால் இரண்டும் சந்திக்க ஒரு விரிசல் தேவைப்பட்டது. உங்களில் சிலர் எஸ்பிஎம் முடித்துத் தொழிற்கல்விக்குப் போவீர்கள். கார் உடல் பழுதுபார்ப்பிலும் சாயப் பூச்சிலும் மலேசியத் திறன் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. சிலர் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பீர்கள். எந்தப் பக்கம் போனாலும், அடுத்த முறை ஒரு விரிசலைக் கண்டால் புட்டி டின்னைத் திறப்பதற்கு முன் அதைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்.